நம் ஜாஸ் இசைத்தட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, உங்கள் பொருட்டு ஜாஸையும் பொறுத்துக்கொண்டு வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன்.

முதலில் அஞ்சலி. இந்த ஆண்டு இழப்புகள் வரிசையாக வந்தன. செப்டம்பர் 21 அன்று சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சன் (95), நவம்பர் 3 அன்று இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் (91), 9 அன்று சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்சன் (98), 12 அன்று டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸ் (99), டிசம்பர் 15 அன்று தபலா கலைஞர் ஜாகிர் உசேன் (73). நவம்பர் கூட்டத்துக்கு வைத்திருந்த நிகழ்ச்சி நிரலைத் தள்ளிவைத்துவிட்டு, 1954 பிப்ரவரி 21 இரவு நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் பதிவான டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி குழுவின் தட்டைப் போட்டோம். அதில் ஆல்டோ சாக்ஸபோன் டொனால்ட்சன், டிரம்பெட் கிளிஃபர்ட் பிரவுன். பிரவுன் அடுத்த இரண்டே ஆண்டில், 25 வயதில், கார் விபத்தில் போய்விட்டார். அவர் நினைவாக கோல்சன் எழுதிய மெட்டை 1957இல் டிரம்பெட் கலைஞர் லீ மார்கன் வாசித்தபோது மார்கனுக்கு வயது 18. அதையும் தொடர்ந்து போட்டோம். இரண்டுக்கும் நடுவில் யாரும் எதுவும் பேசவில்லை. நம் கூட்டத்தில் இது அபூர்வம் என்பதால் பதிவு செய்கிறேன்.

ஜாகிர் உசேனுக்காக ஜனவரியில் சக்தி குழுவின் முதல் எல்பி. 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவாகி 1976இல் வந்தது. கிட்டாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். இது ஜாஸா இல்லையா என்ற வழக்கமான வாதம் ஆரம்பித்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "தனி ஆவர்த்தனம் முடியட்டும், அப்புறம் சண்டை போடலாம்" என்றார். முடிந்தபோது சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை.

நாம் கூடுவது நியூஜெர்சியின் எடிசன் ஊர் நூலகத்தில். 1877இல் ஃபோனோகிராஃப் பிறந்த மென்லோ பார்க் இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. ஜாஸ் என்றதும் எல்லாரும் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கைக் கை காட்டுவார்கள். வாசித்தவர்கள் பெரும்பாலும் அங்கே இருந்திருக்கலாம். ஆனால் பதிந்ததிலும் அச்சடித்ததிலும் நியூஜெர்சிக்குப் பெரிய பங்கு உண்டு. சார்லி பார்க்கரின் 1945 பதிவுகளை வெளியிட்ட சவாய் நிறுவனம் நெவார்க்கில் இருந்தது. பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் தட்டு லேபிளில் நியூஜெர்சியின் பெர்கன்ஃபீல்டு முகவரி இருக்கும். புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டுகளை அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலை நார்த் பிளெயின்ஃபீல்டில். அவற்றைப் பதிந்த ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் கண் பரிசோதகராகப் பகலில் வேலை பார்த்துக்கொண்டு, ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஒலிப்பதிவு செய்தவர். 1959இல் எங்கல்வுட் கிளிஃப்ஸுக்கு மாறினார். மரக்கூரையுடன் கோயில் மண்டபம் போல உயர்ந்த அந்த அரங்கில்தான் 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' பதிவானது. 2022இல் அந்தக் கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. வசந்தத்தில் நாம் போய் சாலையில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். பிள்ளைகள் "இதுக்காகவா வந்தோம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நெவார்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்றது இன்னும் பயனுள்ள பயணம். மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் 1952இல் தொடங்கி, 1966இல் ரட்கர்ஸுக்கு வந்த தொகுப்பு அது. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸின் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்; பேனா கூடாது, பென்சில்தான். நம்மில் சிலருக்கு அதுவே ஒரு பாடம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, பழைய பிரஸ்ஸிங்கை, அதாவது ஒரு தட்டின் பழைய அச்சுப் பிரதியை, அடையாளம் காண்பது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினோம். சாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டு ஒவ்வொரு வாரமும் எனக்குப் போன் வருகிறது. லேபிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1966 வாக்கில் புளூ நோட் நிறுவனம் லிபர்ட்டி என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்திடம் கைமாறியது. மிச்சமிருந்த பழைய லேபிள்களை லிபர்ட்டி புதிய தட்டுகளிலும் ஒட்டித் தீர்த்தது. அதனால் 'நியூயார்க் யூஎஸ்ஏ' என்று லேபிளில் இருப்பது மட்டும் போதாது. பாட்டு முடிந்த பிறகு லேபிள் வரை வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிலைட் ஆலையின் முத்திரையாக, சாய்ந்த எழுத்தில் ஆங்கில 'P' போன்ற ஒரு சின்னக் கீறல் இருக்க வேண்டும். பார்த்தால் காது மாதிரி இருக்கும்; அதனால் உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் அதைக் காது என்றே சொல்கிறார்கள். காது இருந்தால் லிபர்ட்டி காலத்துக்கு முந்தையது. பக்கத்திலேயே வான் கெல்டர் பெயரோ அவருடைய மூன்று எழுத்துகளோ இருந்தால், தட்டை அச்சடிப்பதற்கான மூலத்தில் பள்ளத்தை வெட்டியவர் அவர்.

சரி, காதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அப்புறம் என்ன? இந்த ஆண்டு நம் வட்டத்தில் எனக்கு இருந்த பெரிய குறை இதுதான். அக்டோபரில் உறுப்பினர் ஒருவர் அருமையான ஒரு முதல் பிரஸ்ஸிங் கொண்டுவந்தார். அட்டையைப் பார்த்தோம், காதைப் பார்த்தோம், என்ன விலை, யாரிடம் வாங்கினார், இப்போது எவ்வளவுக்குப் போகும் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். ஊசி பட்டால் தேய்ந்துவிடும் என்று தட்டு உறையிலேயே இருந்துவிட்டது. கச்சேரிக்குப் போய் வித்வானின் வைரத்தோட்டை எடை போட்டுவிட்டுத் திரும்பிய மாதிரி. அவர் மேல் குற்றமில்லை. விலை கேட்டவர்கள் நாம்தான்.

அதனால்தான் மார்ச் கூட்டத்தில் திரை கட்டிக் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்தது. லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' தட்டைத் தேர்ந்தெடுத்தோம். 1963 டிசம்பரில் எங்கல்வுட் கிளிஃப்ஸில் பதிவாகி 1964இல் வந்து எதிர்பாராமல் விற்றுத் தள்ளிய தட்டு. அதனால் முதல் பிரஸ்ஸிங் கொஞ்சம் எளிதாகவே கிடைக்கிறது. காதுள்ள 1964 பிரதி ஒன்று, லிபர்ட்டி காலப் பிரதி ஒன்று, அண்மைய மறுபதிப்பு ஒன்று, மூன்றும் ஸ்டீரியோ. பொருளாளர் அண்ணன் வீட்டிலிருந்து பழைய எட்டு முழ வேட்டி வந்தது, அதுவே திரை. ஒலி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே நல்ல பிரதி என்று மனசு சொல்லிவிடும் என்பதால், போனில் அளவு பார்த்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றிலும் முதல் பாட்டு மட்டும். ஏறத்தாழ பத்து நிமிடப் பாட்டு என்பதால் மூன்றாவது சுற்றில் பில்லி ஹிக்கின்ஸின் தாளத்துக்கு நாற்காலிகளும் ஆடின.

கேட்டதைச் சொன்னவர்கள் நன்றாகவே சொன்னார்கள். ஒரு பிரதியில் டிரம்பெட் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது, பாரி ஹாரிஸின் பியானோ மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வாசிப்பது போல அடைத்திருக்கிறது என்றார்கள். இன்னொன்றில் பாப் கிரான்ஷாவின் பேஸ் தனித்தனி சுரமாகக் கேட்கிறது, ஆனால் டிரம்பெட் ஓரடி பின்னே போய்விட்டது என்றார்கள். பியானோ அடைத்தாற்போல் கேட்பது வான் கெல்டரின் பதிவுகளைப் பற்றி அந்தக் காலத்திலிருந்தே உள்ள புகார்தான். வேட்டியை விலக்கியபோது, "இதுதான் ஒரிஜினல், சந்தேகமே இல்லை" என்று பலர் சத்தியம் செய்தது லிபர்ட்டி பிரதி. வான் கெல்டர் வெட்டிய அதே மூலத்திலிருந்து அச்சடித்தது, காது மட்டும் கிடையாது, விலையோ சில மடங்கு குறைவு. மறுபதிப்பே பிடித்தது என்றவர்களும் இருந்தார்கள். முதல் பிரஸ்ஸிங்கின் சொந்தக்காரர் அன்று இரவு குழுவில் எதுவும் எழுதவில்லை. மறுநாள் எழுதினார், நீளமாக.

இதே பேச்சின் தொடர்ச்சியாக மே மாதம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', கொலம்பியா நிறுவனத்தின் ஆறு கண் லேபிள் (கண் போன்ற ஆறு சின்னங்கள் உள்ள பழைய லேபிள்), 1959. நம்மிடையே கர்நாடக சங்கீதம் சொல்லித் தரும் அக்கா ஒருவர் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் பாட்டில் பியானோவில் பில் எவன்ஸ் (பக்கத்து பிளெயின்ஃபீல்டில் பிறந்தவர்) ஆரம்பித்து, பால் சேம்பர்ஸ் பேஸில் கேள்வி கேட்டதுமே அவர் முகம் சுளித்தது. பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்து 2 கட்டையில் வைத்தார். தட்டு சேரவில்லை, மேலே நின்றது. புதிய மறுபதிப்பைப் போட்டோம், பெட்டியோடு அப்படியே போய் உட்கார்ந்தது. காரணம் தெரிந்ததுதான். 1959 மார்ச் 2 அன்று ஓடிய பிரதான நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிவிட்டது. முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் அப்படியே பல ஆண்டுகள் விற்றன. உடன் ஓடிய மாற்று நாடாவிலிருந்து 1992இல்தான் சரிசெய்தார்கள். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு. அதில் இந்தச் சிக்கல் இல்லை.

"இது கரகரப்பிரியாதானே?" என்று அக்கா கேட்க, அடுத்த அரை மணி நேரம் போனது. சுரங்கள் அவையேதான். ஆனால் நடுவில் எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) எல்லாமே அரைச் சுரம் மேலே நகர்ந்துவிடும். அந்த இடத்தில் சுருதிப் பெட்டி தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. எட்டு பார் முடிந்து குழு பழைய இடத்துக்கு இறங்கி வந்து பெட்டியோடு சேர்ந்தபோது கைதட்டல் எழுந்தது. இந்தத் தட்டைப் பல ஆண்டுகளாகக் கேட்டவர்களும், அந்த இறக்கத்தை அன்றுதான் கேட்டோம் என்றார்கள். விலை உயர்ந்த பிரதி சுருதி விலகியது, மலிவானது சேர்ந்தது என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன்.

தபாலில் வாங்குவது குறித்துப் புகார்கள் வந்தன. 'நியர் மிண்ட்' (ஏறத்தாழப் புதிது) என்று போட்டு வந்த தட்டு முழுக்கச் சரசரப்பு என்று ஒருவர். வளைந்து வந்தது என்று இன்னொருவர். விற்பவர்கள் பலர் போட்டுக் கேட்பதில்லை, கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். போட்டுக் கேட்டீர்களா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு விஷயம் நினைவில் கொள்ளவும்: அவை அரக்கு, ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரையும். அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்ததுதான். 1942இல் போர் காரணமாக அமெரிக்காவில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கமும் பதிவுகளை நிறுத்தியது. பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி பிறந்த அந்த இரண்டு ஆண்டுகளின் தட்டுகள் கைக்குக் கிடைக்காததற்கு இவைதான் காரணம். அடுத்த ஆண்டு இதற்கென ஒரு கூட்டம் வைக்க எண்ணம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வட்டத்தின் டர்ன்டேபிளுக்குப் புது ஊசி வாங்கியது பெரிய செலவு. ஆண்டுச் சந்தாவை 40 டாலரிலிருந்து 50 டாலராக உயர்த்த செயற்குழு பரிந்துரைக்கிறது.

உங்கள் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம்: கூட்டத்துக்குக் கொண்டுவரும் எந்தத் தட்டும் ஒரு பக்கமாவது ஓடி முடியும் வரை அதன் விலையை யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. போட விருப்பமில்லாத தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். இதற்கு எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். பேசிவிட்டு வாக்கெடுப்புக்கு விடுவோம்.

செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு இன்று தேர்தல். நூலக அறையை ஒன்பது மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதால் பெயர் கொடுப்பவர்கள் இடைவேளைக்குள் தலைவரிடம் கொடுக்கவும். இரவல் அலமாரியிலிருந்து தட்டு எடுத்துப்போய்த் திருப்பாதவர்களின் பட்டியலை அடுத்துத் துணைச் செயலாளர் வாசிப்பார்.

செயலாளர்