பல்கலைக்கழக அணிக்கு ஓடும் பிள்ளைக்கும் கொடுப்பனவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குக் காசு கொடுக்கத் தொடங்கியது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். அது பணக்கார நாட்டுக் கதை, நமக்குப் பொருந்தாது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பல வருடம் உடற்கல்வி படிப்பித்த எனக்கு அந்த முடிவை ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம், இவர்கள் மாணவர்கள், புலமைப்பரிசிலே போதும், காசு கொடுத்தால் விளையாட்டுக் கெட்டுவிடும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி உரிமையிலும் டிக்கட்டிலும் காசு கொட்டியது. பெரிய அணிகளின் பயிற்றுநர்கள் வருடத்துக்குப் பல மில்லியன் டொலர் உழைத்தார்கள். களத்தில் முழங்காலை உடைத்துக்கொண்ட பிள்ளைக்கு அதில் பங்கில்லை. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் சங்கம் சட்டத்துக்கு மேலானதல்ல என்று நீதிபதி கவனா தனியாக எழுதியும் வைத்தார். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்க வழி திறந்தது. 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே காசு கொடுக்கலாம் என்றாகி, முதல் வருடத்துக்கு 20.5 மில்லியன் டொலர் வரை அனுமதிக்கப்பட்டது. நம் காசில் 600 கோடி ரூபாய்க்கு மேல்.

சரி, நம் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி வருமானம் இல்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ நடக்கும் கரப்பந்துப் போட்டிக்கு யாரும் டிக்கட் வாங்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிப்புச் செலவைத்தான் தருகிறோமே என்று அமெரிக்கக் கல்லூரிகளாவது சொல்லலாம். இங்கே அதைக்கூடச் சொல்ல முடியாது. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் காலத்திலிருந்து அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. விளையாடுகிற பிள்ளைக்கும் விளையாடாத பிள்ளைக்கும் கிடைப்பது ஒன்றுதான். விளையாடுகிற பிள்ளைதான் தன் நேரத்தையும் உடம்பையும் கூடுதலாகக் கொடுக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை 400 மீற்றர் ஓடுவாள். அப்பா வாவியில் மீன்பிடிப்பவர். வெளிமாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய், முதல் வருடமே அணியில் இடம் பிடித்துவிட்டாள். விடுமுறைக்கு வந்தபோது ஸ்பைக்ஸ் சப்பாத்தைக் காட்டினாள். முன்பக்கம் பிளந்து, சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தது. காலையில் பயிற்சிக்குப் போகுமுன் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். "பிளேன்ரீயும் பிஸ்கட்டும் சேர். பயிற்சி முடிஞ்சு வர கன்ரீன்ல சாப்பாடும் முடிஞ்சிரும்" என்றாள். சனி, ஞாயிறில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். தொடைத் தசை பிடித்தபோது எடுத்த ஸ்கேன் செலவுக்கு அம்மா தோட்டை அடகு வைத்திருக்கிறார். அவள் வென்ற கேடயம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. மூன்றாம் வருடம் ஓட்டத்தை விட்டுவிட்டாள்.

இப்படி விட்டவர்களில் பையன்களும் உண்டு. வேகமாக ஓடக்கூடிய பையன் இராணுவ அணியிலோ கொழும்புக் கம்பனி அணியிலோ சேர்ந்தால் மாதச் சம்பளமும் சாப்பாடும் நிச்சயம். விளையாட்டா படிப்பா என்று இருபது வயதில் தெரிவு செய்யவேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளிவிட்டு, கிழக்குப் பிள்ளைகள் தேசிய மட்டத்துக்கு வருவதில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

"வெபர் அடிகளார் காசுக்காகவா பயிற்சி கொடுத்தார்?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தைப் பழக்கிய அந்த மனிதரை நினைக்காமல் மட்டக்களப்பில் விளையாட்டைப் பற்றிப் பேசமுடியாது. மைதானத்துக்கே அவருடைய பெயர்தான். ஆனால் அவருக்கு உணவும் உறைவிடமும் அவருடைய சபை கொடுத்தது. அடுத்த வேளைச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டு அவர் மைதானத்தில் நிற்கவில்லை. அந்த நிம்மதியைத்தான் நான் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன்.

படிக்க வந்த இடத்தில் விளையாட்டுக்கு ஏன் காசு என்பது அடுத்த ஆட்சேபம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்கென்று அனுமதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கியிருக்கிறது. உள்ளே எடுக்கும்போது பெறுமதியாகத் தெரிந்த திறமை உள்ளே வந்தபின் என்னவாகிறது?

கோடிக் கணக்கு வேண்டாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசில் மாதத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது அந்த அளவில் ஒரு விளையாட்டுக் கொடுப்பனவு மாதாமாதம் கிடைக்கவேண்டும். மகாபொல பெறுகிறாய், ஆகவே இது இல்லை என்று வெட்டக்கூடாது. காயப்பட்டால் மருத்துவச் செலவு முழுக்கப் பல்கலைக்கழகத்தைச் சேரவேண்டும், காயப்பட்ட பருவத்திலும் கொடுப்பனவு நிற்கக்கூடாது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் தரமுடியும் என்றால் மருத்துவச் செலவைத் தாருங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம், போட்டிக்குப் போன நாட்களை விரிவுரை வரவில் கழிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்தவேண்டும். கல்லடியிலோ கல்முனையிலோ ஒரு கடைக்காரர் நல்ல வீராங்கனை ஒருத்தியின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்து அவளுக்கு நாலு காசு கொடுக்க விரும்பினால் நிர்வாகம் குறுக்கே நிற்கக்கூடாது.

அமெரிக்காவைப் பார்த்துப் பழகக்கூடாத ஒன்றும் இருக்கிறது. அங்கே பழைய வீரர்களுக்கு நட்டஈடாக ஒப்புக்கொண்ட சுமார் 2.8 பில்லியன் டொலரில் மிகப் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்போலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. காசு உழைக்கும் விளையாட்டுக்கே காசு என்பது அங்குள்ள கணக்கு. இங்கே கொடுக்கப்போவது பொதுப்பணம். வலைப்பந்து ஆடும் பிள்ளைக்கும் கிரிக்கெட் ஆடும் பையனுக்கும் ஒரே தொகைதான் நியாயம்.

வலைப்பந்து என்றதும் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லாமல் இருக்கமுடியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் மிக அதிக கோல் போட்டவர் அவர்தான். அவருடைய திறமைக்கு முதலில் மாதச் சம்பளம் கிடைத்தது கொழும்பில் ஒரு வங்கியில், அப்புறம் அவுஸ்திரேலியக் கழகங்களில். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் ஒரு வீராங்கனைக்குக் காசு கிடைக்கும் என்ற நிலை இன்றும் அப்படியே இருக்கிறது. அதுவரை தாக்குப்பிடித்தவர்களின் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும்.

மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் உயர்கல்வி அமைச்சின் செலவினம் எடுக்கப்படும் நாளில் இதை எழுப்பவேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அணிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நிர்வாகங்களுக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையை 7,500 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, காசில்லை என்று சொல்பவர்கள் சபையிலேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.