ஒரு சாண் திறந்த கதவு

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்கு முடியிறக்கிக் காது குத்திய போட்டோவை இன்னும் நீ அனுப்பவில்லை. இங்கே சிங்கப்பூரில் மாமியார் இடுப்பு எலும்பு கூடி, வாக்கரைப் பிடித்து நடக்கிறார். அந்தப் பெருமை எனக்கில்லை, எங்கள் வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரி. நம் பேச்சுதான் பேசுகிறாள், எனக்குச் சங்கடமே அதுதான். பிலிப்பினோ பெண் என்றால் பாஷை மேல் பழியைப் போட்டுவிடலாம். இவள் ‘ஏங்க்கா’ என்று ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று ‘மேடம்’ என்று மாற்றிக்கொள்கிறாள். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். ‘அக்கான்னே கூப்பிடு’ என்று நானும் இதுவரை சொல்லவில்லை.

படுப்பது பாம் ஷெல்டரில். இங்கே அரசாங்கம் கட்டித் தரும் புது அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் சின்ன அறை அது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. பாதி இடத்தில் எங்கள் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும், மீதியில் அவள் மெத்தை. கதவைச் சாத்தினால் காற்று இல்லை, போனுக்குச் சிக்னலும் இல்லை. திறந்தால் கூடத்தில் டிவி பார்க்கிற எங்களுக்கு அவள் கால் தெரியும். அவள் வந்த நாளிலிருந்து அந்தக் கதவு ஒரு சாண் திறந்தே இருக்கிறது. பிள்ளைகளோடு அவள் பேசுவதெல்லாம் எங்களுக்கும் கேட்கும். மூத்தவன் கணக்கில் ஃபெயில் என்பதுகூட எனக்குத் தெரியும்.

இவளை எடுக்கும்போது அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பிணை காட்ட வேண்டும். கடைக்குப் போனவள் பத்து நிமிஷம் தாமதித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பாதி அவளுக்காக, பாதி பிணைக்காக. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக்கில் கர்ப்பமா என்று வேறு பார்க்க வேண்டும். நான்தான் கூட்டிப்போவேன். இரண்டு பேரும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2013இல் சட்டம் வந்தது. அவள் சம்மதித்தால் அந்த நாளுக்குப் பதில் காசு கொடுத்துவிடலாம், மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து. இவளுக்கு 650 வெள்ளி. ஆக ஒரு ஞாயிறு 25 வெள்ளி. எல்லா ஞாயிறையும் நானே வாங்கிக்கொண்டிருந்தேன். ‘சரிங்க மேடம்’ என்பாள். வேறென்ன சொல்வாள்? ஆனால் 2023லிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், காசு செல்லாது.

போன மாதம் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். புல்தரையில் நாலைந்து பெண்கள் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். குரல் புதிதாக இருந்தது, முகத்தைப் பார்த்தால் இவள்! என்னைக் கண்டதும் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றாள். ‘உட்காரும்மா’ என்றேன். உட்காரவில்லை. நான் தெருவைக் கடந்து திரும்பிப் பார்க்கிறவரை நின்றுகொண்டுதான் இருந்தாள்.

உங்கள் காரைக்குடி வீட்டில் நம் வயதில் ஒரு பெண் வேலைக்கு இருந்தாளே. வளவில் நம்மோடு பல்லாங்குழி ஆடுவாள். அப்பச்சி செருப்புச் சத்தம் கேட்டதும் சோழியைப் போட்டுவிட்டுத் தூணோரம் போய் நிற்பாள். அவள் பேர் என்ன உமையாள்? நாலு நாளாக யோசிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன்,
சாந்தி