கத்தாமல் இருந்த அலாரம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய் அளவுக்கு மீறிச் சூடானால் கத்தும் அலாரம், விறகு அடுப்பின் புகைக்குழாயில் தெர்மோகப்பிள் (முனையில் சேர்த்த இரண்டு கம்பிகளால் சூட்டை அளப்பது), தள்ளி ஒரு சின்ன போர்டு, பஸ்ஸர், எல்லாம் அழகாகச் செய்திருக்கிறாய், மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த ஒயரைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

அது பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர்தானே? நான் முதலில் செய்ததும் அப்படித்தான். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினால் குழாய் மங்கலாகச் சிவந்து தெரிகிறது. இரும்பு அப்படித் தெரிய வேண்டுமென்றால் 500 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். நான் அலாரம் வைத்திருந்தது 250க்கு, டிஸ்ப்ளே காட்டியதோ 140. பஸ்ஸர் மூச்சு விடவில்லை. காற்று போகும் வழியைக் குறைத்துவிட்டு, குழாய் கறுக்கும்வரை அங்கேயே நின்றேன், கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பிரித்துப் பார்த்தால் உறை உருகி, உள்ளே இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தெர்மோகப்பிள் கம்பிகள் வழியில் எங்கே தொட்டுக்கொள்கிறதோ, கருவி அந்த இடத்துச் சூட்டைத்தான் சொல்லும், முனையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கம்பி அறுந்தால், தெர்மோகப்பிளைப் படிக்க நீ போட்டிருக்கும் மேக்ஸ் 31855 சிப் கண்டுபிடித்துவிடும். இப்படி ஒட்டிக்கொண்டால் கண்டுபிடிக்காது, நம்பும்படியான ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கண்ணாடி இழை உறை போட்ட ஒயரை வாங்கு. குழாய்ப் பக்கம் ஈயப்பற்று வேண்டாம், பற்றவைக்கும் சாதாரண ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும், திருகி இறுக்கு. இன்னொரு தெர்மோகப்பிளையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ரொம்ப வித்தியாசமாகக் காட்டினாலே கத்தும்படி புரோகிராம் எழுதிவிடு.

அப்புறம், அடுப்புக்குள் காற்று போகும் வழியை அடைக்கும் தட்டை மூட சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) வைக்கப்போவதாகச் சொன்னாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. கரண்ட் போனால் தட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். திறந்தபடி நின்றுவிட்டால் என்ன செய்வாய்? மின்காந்தம் தட்டைத் தூக்கிப் பிடித்திருக்கட்டும், கரண்ட் போனதும் தட்டு தன் எடையிலேயே விழட்டும். ஆனால் விழுந்தாலும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும்படி வை. ஒரேயடியாக அடைத்தால் விறகு எரியாமல் புகைந்து குழாயில் கரிப்பிசின் படியும், கார்பன் மோனாக்சைடும் அதிகமாகும், அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் தேங்கிய புகை குப்பென்று முகத்தில் பற்றும். புகை போகும் வழியில் எந்த மோட்டாரும் வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் நீயே செய்யாதே, சான்று பெற்றதைக் காசு கொடுத்து வாங்கு. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு அது.

ஒயரை மாற்றியதும் தெர்மோகப்பிள் முனையில் லைட்டரைக் காட்டிப் பார். நீ படுக்கும் அறையில் கதவு சாத்தியிருக்கும்போது பஸ்ஸர் சத்தம் கேட்கிறதா என்றும் பார்த்துவிட்டு எனக்குச் சொல். அதுவரை அடுப்பில் நெருப்பை வைத்துவிட்டுத் தூங்கப் போகாதே, கண்ணு.

அன்புடன்,
அப்பா