அந்த கேசட் என்னிடம்தான் இருக்கிறது

அண்ணே,

செப்டம்பர் 25 வந்தாலே உன் நினைப்புதான். 2020இல் பாலு சார், நம்ம எஸ்.பி.பி., போன நாள். இந்த வருஷமும் தெருமுனை டீக்கடையில் காலையிலிருந்து அவர் பாட்டு. நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

96 பங்குனிப் பொங்கல் கச்சேரி கேசட் தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் பொய் சொன்னேன். கொடுத்தால் டேப்பை உருவிப் போட்டிருப்பாய், அவ்வளவு கோபத்தில் இருந்தாய். அதனால் செய்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனாலும் மன்னித்துவிடு.

அன்றைக்கு உனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு 'இளைய நிலா' கேட்டுச் சீட்டு வந்தது. மேலே போகாது என்று இரண்டு கட்டை இறக்கச் சொன்னாய். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார், அவர் வேலை முடிந்தது. கிட்டார்காரருக்குத்தான் சிக்கல். அந்தப் பாட்டில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுப் பழகிய காதுக்கு எதை வாசித்தாலும் பொருந்தாது, கெடுப்பதைவிடச் சும்மா இருக்கிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். தபலா, லேசாகக் கீபோர்டு, உன் குரல்.

பாலு சார் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே சிரிப்பார் என்று அச்சு மாறாமல் பாடுகிறவன் நீ. அன்று அதெல்லாம் இல்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய். மேகம் முகவரியைத் தொலைத்த இடத்தில் உன் குரல் உடைந்தது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே மேலே போனாய். விசில் இல்லை. கொடிமரத்துப் பக்கம் படுத்திருந்த பாட்டிமார் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நீ இறங்கி வந்ததும் ட்ரூப் ஆட்கள் எல்லார் முன்னாலும் "என்னண்ணே, பாலு சார் மாதிரியே இல்லையே" என்றேன்.

எனக்குப் பத்தொன்பது வயசு. நம்ம ஊரில் பாராட்டு என்றாலே 'அப்படியே ஒரிஜினல்' என்பதுதான். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே? ஒரு சங்கதி மாறினால் தலையில் குட்டியவன் நீ. 'கலாகார்' இந்திப் படத்தில் இதே மெட்டைக் கிஷோர் குமார் பாடியதைக் கேட்டுவிட்டு, நம்ம பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று ரேடியோவை அணைத்தவனும் நீ. இப்போது அதைக் கேட்கிறேன். பாலு சாராக இருக்க அவர் முயலவே இல்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது!

அந்த வருஷத்தோடு மேடையை விட்டாய். தம்பி சொன்ன ஒரு வார்த்தையால் விட்டேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாயே, அது நியாயமா? வேறு காரணமும் உண்டு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதினி இதைப் படிப்பார், பிள்ளைகளும் படிப்பார்கள். இங்கே வேண்டாம்.

ரொம்ப வருஷம் கழித்து, அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' என்ற ஆங்கிலப் பாட்டைக் கேட்டேன். 1994இல் டிரென்ட் ரெஸ்னர் என்ற ராக் பாடகர் முப்பது வயசுகூட ஆகாதபோது எழுதிப் பாடிய பாட்டு, கடைசியில் இரைச்சல் காதை அடைக்கும். 2002இல் கேஷ் அதைப் பாடும்போது அவருக்கு எழுபது, உடம்பு தளர்ந்துவிட்டது. குரல் நடுங்குகிறது, அதை அவர் மறைக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு 'முள்' என்று மாற்றினார், அந்த வரியில் முள்முடியோடு ஏசு வந்து நின்றுவிட்டார். அடுத்த செப்டம்பரில் கேஷ் போய்விட்டார். பாட்டை எழுதிய ரெஸ்னரே, இது இனி என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கேஷ் தெரியவில்லை அண்ணே. கழுத்தில் மப்ளரோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நீதான் தெரிந்தாய். அன்று நீ செய்ததும் அதுதான். அதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்க வேண்டாம். நீயும் ஒரு தடவையாவது போனை எடுத்திருக்கலாம்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். எங்கேயும் போடவில்லை, நீ சொல்லாமல் போடவும் மாட்டேன். இரண்டாவது சரணத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். அது உன் மூத்தவள், மதினி மடியில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன்னிடம் டேப்ரெக்கார்டர் இருக்காது. அதையும் எடுத்து வருகிறேன்.