உங்கள் நாயகர்களுக்கு வயதாகட்டும்

தென் கொரியாவின் இசைக்குழுக்களையும் இளம் நடிகர்களையும் உருவாக்கி நடத்திவரும் மேலாண்மை நிறுவனங்களின் தலைவர்களுக்கு,

வணக்கம்.

பதின்ம வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பாட்டும் நடனமும் கற்பித்து மேடையேற்றுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதே பையன் முப்பதைத் தொட்டதும் அவரை என்ன செய்வதென்று உங்களில் பலருக்குத் தெரிவதில்லை. முகத்தில் ஒரு கோடுகூடத் தெரியாதபடி படங்களைத் திருத்துவதும், நெற்றியை மறைக்கும் பழைய முடியலங்காரத்தோடு பழைய குறும்புகளையே செய்யவைப்பதும், திருமணச் செய்தியை ஏதோ துக்கச் செய்தியைப் போலத் தயங்கித் தயங்கி அறிவிப்பதும் அந்தத் தடுமாற்றத்தின் அடையாளங்கள். ரசிகர்கள் விரும்புவது இளமையைத்தான் என்று நீங்கள் கருதுகிறீர்கள் போலும். உங்கள் நாட்டுக் கலைஞர்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

வொன் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக் காதல் தொடர் ஒன்றின் வழியே புகழ்பெற்றபோது அவர் அழகிய இளைஞர், அவ்வளவுதான். பத்தாண்டுகள் கழித்து, 2010இல் 'த மேன் ஃப்ரம் நோவேர்' படத்தில், கண்களை மறைத்துத் தொங்கிய முடியைக் கண்ணாடி முன் நின்று தம் கையாலேயே இயந்திரத்தால் மழித்துத் தள்ளுவார். வசனம் எதுவுமில்லாத அந்தக் காட்சியில், அதுவரை தம்மைத் தூக்கி நிறுத்திய அழகையே அவர் வெட்டி எறிவதுபோல இருக்கும். அந்த ஆண்டில் உங்கள் நாட்டில் அதிகம் வசூலித்த கொரியப் படம் அதுதான். (அதற்குப் பிறகு அவர் வேறு படமே நடிக்காதது எங்களுக்குத் தீராத மனக்குறை, அதற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை.)

இசைக்குழுவிலிருந்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கு டூபிஎம் குழுவின் லீ ஜுன்ஹோ நல்ல சான்று. 1990இல் பிறந்து 2008இல் அறிமுகமான அவர், பல ஆண்டுகள் குழுவின் பிற உறுப்பினர்களுக்குப் பின்னால் நின்றவர். 2015இல் குழு வெளியிட்ட 'மை ஹவுஸ்' பாடலின் மேடைக் காணொளிகள் ஐந்து ஆண்டுகள் கழித்து, அவர் கட்டாய ராணுவச் சேவையில் இருந்த 2020இல்தான் இணையத்தில் பெருகிப் பரவின. புதிய பாடலோ விளம்பரமோ இல்லாத காலம் அது. சேவை முடிந்து திரும்பியவர் 2021இல் 'த ரெட் ஸ்லீவ்' தொடரில் ஜொங்ஜோ மன்னராக நடித்தார். காதலி இறந்த பிறகு, அவள் பணிப்பெண்ணாக இருந்த நாளில் உடுத்திய உடையைக் கையில் எடுத்து அந்த மன்னர் உடைந்துபோகும் இடத்தை, இருபது வயதில் எவ்வளவு பயிற்சி கொடுத்திருந்தாலும் அவரால் அப்படிச் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டு பெக்சாங் விருது விழாவில் தொலைக்காட்சிப் பிரிவின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது.

லீ மின்ஹோ 2009இல் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரில் சுருள்முடிப் பணக்காரப் பையன். தமிழ்க்குரலில் ஒளிபரப்பானபோது எங்கள் வீடுகளிலும் அவருக்கு ரசிகைகள் உண்டு. அவரே 2022இல் 'பச்சிங்கோ' தொடரில் மீன் தரகர் கோ ஹன்சுவாக, நம்பவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் செய்யும் ஒருவராக வந்தார். 1995இல் 'சாண்ட்கிளாஸ்' தொடரில் அதிகம் பேசாத மெய்க்காவலராக மனங்கவர்ந்த லீ ஜொங்ஜே, நாற்பத்தொன்பது வயதில் 'ஸ்குவிட் கேம்' தொடருக்காக எம்மி விருது பெற்றதைச் சொல்லத் தேவையில்லை.

ராணுவச் சேவையை நீங்கள் இழப்பாகவே கணக்கிடுகிறீர்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேலாகத் திரையில் இல்லாதிருப்பது வணிகத்துக்கு இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 2015 மே மாதம் சேவையை முடித்த சொங் ஜொங்கி, அடுத்த ஆண்டே 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் த சன்' தொடரில் ராணுவ அதிகாரியாக வந்து ஆசியா முழுவதையும் கட்டிப்போட்டபோது, அந்த இடைவெளி அவரை மழலை முகத்தவர் என்ற பெயரிலிருந்து விடுவித்திருந்தது.

ரசிகர்களுக்கும் வயதாகிறது என்பதை ஏன் மறக்கிறீர்கள்? 1998இல் அறிமுகமான ஷின்வா குழுவுக்காகக் கூச்சலிட்ட பள்ளிச் சிறுமிகள் இன்று நாற்பதை ஒட்டியவர்கள்; வேலையும் குடும்பமும் சம்பாத்தியமும் உள்ளவர்கள். அவர்கள் முன் இருபது வயது பாவனை செய்யும் நடுவயதுக்காரரை நிறுத்தினால் கூச்சம்தான் மிஞ்சும்.

எனவே ஒப்பந்தங்களிலிருந்து தொடங்குங்கள். 2009இல் உங்கள் நாட்டு நியாய வணிக ஆணையம் கொண்டுவந்த மாதிரி ஒப்பந்தத்தின் ஏழாண்டு வரம்பு, கலைஞர் முதிரத் தொடங்கும் இருபதுகளின் பிற்பகுதியில்தான் பெரும்பாலும் முடிகிறது. அப்போது அவரை விட்டுவிட்டு அடுத்த பதினேழு வயதுப் பையனைத் தேடாமல், குரலுக்கும் உடலுக்கும் ஏற்ற பாடல்களையும் வேடங்களையும் அவரோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள். பிரிந்தே ஆகவேண்டுமென்றால் குழுவின் பெயரையாவது கொடுத்தனுப்புங்கள். ஷின்வா தன் பெயரின் முழு உரிமையைப் பெற 2015 வரை போராட நேர்ந்தது, இன்ஃபினிட் குழுவோ 2023இல் தன் பெயரிலேயே சொந்த நிறுவனம் தொடங்க முடிந்தது. காதலையும் திருமணத்தையும் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைக் கலைஞரே முடிவு செய்யட்டும். அதற்காக அவரை மன்னிப்புக் கடிதம் எழுதவைக்க வேண்டாம்.

பிடிஎஸ் குழுவின் ஏழு பேரும் 2025 ஜூன் மாதத்தோடு சேவையை முடித்துவிட்டார்கள். மூத்தவரான ஜின் 1992இல் பிறந்தவர். இனி அவர்களுக்கு எடுக்கும் படங்களில் கண்ணோரக் கோடுகளை அழிக்காமல் விடுவதிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கலைஞர்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் தமிழ் ரசிகை ஒருத்தி