பிரிட்டோரியா எடிட்டர்கள்லேர்ந்து பாண்டிச்சேரி பெரியப்பா வரைக்கும், ஒரு நன்றி மடல்

எல்எல்எம் (சட்டத்துல மேல்படிப்பு) தீசிஸ் சப்மிட் பண்ணி வைவாவும் முடிஞ்சிருச்சு மக்களே. தீசிஸ்ல நன்றிக்குன்னு ஒரே ஒரு பக்கம், அதுல பிரின்சிபால், எச்ஓடி, டிபார்ட்மெண்ட்னு முறைப்படி எழுதியே இடம் தீந்துபோச்சு. நிஜமாவே யாரால இந்த வேலை முடிஞ்சுதோ அவங்கள்ல பாதிப் பேர் அதுல இல்ல. அதான் இத தனியா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தலைப்பு ஆப்பிரிக்க மனித உரிமைச் சட்டத்துல பழங்குடி மக்களோட நில உரிமை. முக்கியமா கென்யாவுலேர்ந்து வந்த எண்டோரோய்ஸ், ஓகியெக்னு ரெண்டு பழங்குடி மக்களோட கேஸும். "ஏம்மா, இங்க கேஸே இல்லையா"ன்னு சித்தப்பாலேர்ந்து ஆபீஸ் சீனியர் வரைக்கும் கேட்டுட்டாங்க. ஆசியாவுக்குன்னு ஒரு மனித உரிமை கோர்ட்டே கிடையாதுங்க. ஐரோப்பாவுக்கு இருக்கு, அமெரிக்கக் கண்டத்துக்கு இருக்கு, ஆப்பிரிக்காவுக்கு இருக்கு, அதுல ஆப்பிரிக்க நாடுங்க சேந்து போட்ட மனித உரிமை ஒப்பந்தமான ஆப்பிரிக்க சாசனந்தான் தனி மனுசனோட உரிமையோட சேத்து மக்களோட கூட்டு உரிமையையும் வரிவரியா எழுதி வெச்சிருக்கு, காட்டையும் காட்டுல இருக்குற ஜனத்தையும் பத்தி படிக்கணும்னா நான் வேற எங்க போறது?

முதல் நன்றி தென்னாப்பிரிக்காவுல இருக்குற பிரிட்டோரியா யுனிவர்சிட்டி லா பிரஸுக்கும் அங்க இருக்குற மனித உரிமை மையத்துக்கும். அவங்க போடுற ஆப்பிரிக்கன் ஹ்யூமன் ரைட்ஸ் லா ஜர்னல் 2001ல ஆரம்பிச்சது, வருசத்துக்கு ரெண்டு இதழ். லாகின் கேக்கல, கார்டு நம்பர் கேக்கல, பிடிஎஃப்ப தொட்டா இறங்குது. வேற ஒரு பெரிய பப்ளிஷர் சைட்ல (பேர் வேணாம்) இதே விசயத்துல ஒரே ஒரு கட்டுரைக்கு கேட்ட காசுல எங்க ஹாஸ்டல் மெஸ் பில்லையே கட்டிரலாம், எங்க காலேஜுக்கோ அந்த சப்ஸ்கிரிப்சன் கிடையாது. பிரிட்டோரியா ஜர்னல் மட்டும் இல்லேன்னா நான் முதல் மாசமே தலைப்ப மாத்தியிருப்பேன், இது சத்தியம்.

ஃப்ரீன்னா அது தானா வந்து விழல. ஒருத்தர் எழுதி, ரெண்டு மூணு பேர் தங்களோட பேர் வெளிய தெரியாம ரிவியூ பண்ணி, இன்னொருத்தர் ஒவ்வொரு ஃபுட்நோட்டையும் சரிபாத்து, லேஅவுட் போட்டு, அதுக்கப்புறம்தான் நம்ம கைக்கு வருது. அந்த முகம் தெரியாத ரிவியூவர்களுக்கும் ஃபுட்நோட் பாத்தவங்களுக்கும் தனியா ஒரு கும்பிடு. அந்த மையம் 1986ல, நிறவெறி ஆட்சி நடந்துட்டு இருந்தப்பவே ஆரம்பிச்சது. அத பல வருசம் வழிநடத்துன கிறிஸ்டாஃப் ஹைன்ஸ் 2021ல காலமாயிட்டாரு, நேர்ல நன்றி சொல்ல முடியாத ஆள், அவர் பேர இங்கயாவது எழுதணும்னு தோணுச்சு.

இந்த இலவசத்தோட அருமை தெரியணும்னா ஒரு பழைய கதை சொல்லணும். ஆப்பிரிக்க சாசனம் 1981ல ஏத்துக்கிட்டு 1986ல அமலுக்கு வந்துச்சு, அடுத்த வருசம் சாசனத்த மீறுன புகார்கள விசாரிக்கிற கமிசன் உருவாச்சு, ஆபீஸ் காம்பியாவுல பான்ஜூல். ஆனா சாசனத்தோட 59ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, நாட்டுத் தலைவர்கள் கூடி வேற முடிவு எடுக்கிற வரைக்கும் கமிசன் எடுக்குற நடவடிக்கை எல்லாம் ரகசியம். அதனால ஆரம்ப வருசங்கள்ல கமிசன் என்ன தீர்ப்பு சொல்லுச்சுன்னே வெளிய யாருக்கும் தெரியாது. கட்டுரைய விடுங்க, சட்டமே பூட்டுக்குள்ள! அப்படி இருந்த முடிவுகள எல்லாம் தொகுத்து ஆப்பிரிக்கன் ஹ்யூமன் ரைட்ஸ் லா ரிப்போர்ட்ஸ்னு போட்டதும், பான்ஜூல்லயே இருக்குற ஐஎச்ஆர்டிஏங்குற மனித உரிமை அமைப்பு தேடிப் பாக்குற மாதிரி ஃப்ரீயா ஆன்லைன்ல வெச்சதும் சாதாரண வேலை இல்ல. நைஜீரியாவுல ஓகோனி மக்களோட நிலம் எண்ணெய் எடுத்ததால பாழான கேஸ்ல கமிசன் 2001ல சாசனத்துல எழுதவே எழுதாத உணவு உரிமையையும் வீட்டு உரிமையையும் மத்த பிரிவுகளுக்குள்ளேர்ந்து எடுத்துக் காட்டுச்சுன்னு ஒரு கட்டுரையில படிச்சேன், நிஜமான்னு சந்தேகம், உடனே மூல முடிவையே திறந்து அந்தப் பாராவ படிச்சு பாத்துட்டேன். பத்து நிமிசம் கூட ஆகல.

தான்சானியாவுல அருஷாங்குற ஊர்ல இருக்குற ஆப்பிரிக்க மனித உரிமை கோர்ட்டோட சைட்ட பாத்துக்கிறவங்களுக்கும் நன்றி. ஓகியெக் தீர்ப்பு, 26 மே 2017, நான் எத்தனையோ தடவ படிச்சிட்டேன். மாவ் காட்டுலேர்ந்து அந்த மக்கள காலி பண்ணச் சொன்ன கென்யா அரசு, காட்டக் காப்பாத்தத்தான்னு சொல்லுச்சு. கோர்ட் அத ஏத்துக்கல. அரசோட சொந்த ரிப்போர்ட்டையே எடுத்து, காடு அழிஞ்சது வெளிய இருந்து வந்தவங்களாலயும் அரசே நிலத்த பிரிச்சுக் குடுத்ததாலயும் மரம் வெட்ட குத்தகை விட்டதாலயும்தான், ஓகியெக் மக்களால இல்லன்னு சொல்லிருச்சு. 2022 ஜூன்ல இழப்பீடு தீர்ப்பு, 15 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங், கூடவே கூட்டுப் பட்டாவும் குடுக்கணும். அப்புறமும் 2023 நவம்பர்ல வீடுகள இடிச்சு வெளியேத்துனாங்க, தீர்ப்பு பேப்பர்ல ஜெயிச்சா போதாதுங்குறதுக்கு என் கடைசி சாப்டர் முழுக்க அதுதான். களத்துலேர்ந்து விடாம எழுதி வெளிய போட்ட ஓகியெக் மக்கள் வளர்ச்சித் திட்டம்ங்குற தொண்டு அமைப்புக்காரங்களும் மைனாரிட்டி ரைட்ஸ் குரூப்பும் இல்லாட்டி அந்த சாப்டரே கிடையாது.

இப்ப நம்ம ஆளுங்க. பாண்டிச்சேரி தோழியோட பெரியப்பா, பிரெஞ்சு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர், அவருக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது. 2020ல பெனினும் ஐவரி கோஸ்ட்டும், தனி ஆளுங்க நேரா கோர்ட்டுக்கு வர குடுத்திருந்த அனுமதிய வாபஸ் வாங்குனாங்க, அதப்பத்தி எனக்குக் கிடைச்ச நல்ல கட்டுரைங்க எல்லாம் பிரெஞ்சுல. ஆப்பிரிக்க மனித உரிமை இயர்புக்ல பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்துதான் வரும். பெரியப்பா போன்லயே பக்கம் பக்கமா படிச்சு தமிழ்ல சொல்லுவாரு, நடுநடுவுல "இந்த ஆளு பிரெஞ்சு ரொம்ப அழகுமா"ன்னு நிறுத்திருவாரு, நான் "பெரியப்பா, ஆர்க்யுமெண்ட்டு"ன்னு இழுத்துட்டு வரணும்.

முன்பின் தெரியாத எனக்கு பதில் மெயில் போட்டு கென்யா நிலச் சட்டத்த பொறுமையா விளக்குன நைரோபி மாணவிக்கு, அசாந்தே சனா (சுவாஹிலியில ரொம்ப நன்றி). லைப்ரரி அண்ணனுக்கு, சாயங்காலம் பூட்டாம காத்திருந்ததுக்கு. கைடு மேடத்துக்கு, "காசு குடுத்து வாங்குனாத்தான் நல்ல சோர்ஸா?"ன்னு ஒரு கமிட்டி மெம்பர்கிட்ட எனக்காக கேட்டதுக்கு. அம்மாவுக்கு, எல்லாத்துக்கும்.

ஓகியெக் தீர்ப்போட சுருக்கத்த தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், பாதி முடிஞ்சுது. காசு கிடையாது, லாகினும் கிடையாது, வேணும்ங்கறவங்க கேளுங்க அனுப்புறேன், படிச்சிட்டு எங்க புரியலன்னு சொன்னீங்கன்னா மீதியையும் அதுக்கு ஏத்த மாதிரி எழுதிருவேன்.