இலக்கை எழுதினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனி வாழ்விலும் தொழிலிலும் வெற்றி பெற இலக்கு வகுத்துக்கொள்வது எப்படி என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையின் நோக்கம் நல்லது. ஆனால் அதன் நடுநாயகமாக வைக்கப்பட்டிருந்த சான்று பொய்யானது; அந்தச் சான்றின்மேல் எழுப்பப்பட்ட அறிவுரையும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சிறுதொழில் செய்வோரின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்துவருபவன் என்ற முறையில், இவ்விரண்டையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்தச் சான்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மாணவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே தங்கள் இலக்குகளை எழுதி வைத்திருந்தனர் என்றும், இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த 3 விழுக்காட்டினரின் செல்வம் மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் செல்வத்தையும் மிஞ்சியிருந்தது என்றும் கட்டுரை கூறுகிறது. அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை. 1990களின் நடுவில் ஓர் அமெரிக்க வணிக இதழ் இதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, மேடைதோறும் இதைச் சொல்லிவந்த புகழ்பெற்ற பேச்சாளர்கள் ஒருவர் மற்றொருவரைக் கைகாட்டினார்களே தவிர, ஒருவரிடமும் ஆய்வறிக்கை இல்லை. யேல் பல்கலைக்கழகத்திலும் அதற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. இதே கதை சில இடங்களில் ஹார்வர்டு என்றும் 1979 என்றும் ஊரும் ஆண்டும் மாறி உலவுகிறது. இதை அச்சிட்டமைக்கு ஒரு திருத்தம் வெளியிடுவது முறையாக இருக்கும்.

இதனால் இலக்கு வகுப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பொய்ச் சான்றை நாட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு மெய்ச் சான்றுகள் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. உளவியலாளர் எட்வின் லாக் 1968ஆம் ஆண்டிலேயே, 'உன்னால் முடிந்தவரை செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் சாதிக்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டினார். அவருடன் பின்னர் நெடுங்காலம் இணைந்து பணியாற்றிய கேரி லேதம், 1970களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. அவர்கள் சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிவந்தனர். 94 விழுக்காடு என்று ஓர் இலக்கு அவர்கள்முன் வைக்கப்பட்டது. எட்டினால் பணப் பரிசு கிடையாது, எட்டாவிட்டால் தண்டனையும் கிடையாது என்று நிர்வாகம் உறுதியளித்தது. முதல் மாதத்தில் ஏற்றம் 80 விழுக்காட்டைத் தொட்டது. இரண்டாம் மாதத்தில் 70 விழுக்காட்டுக்கு இறங்கியது. இறங்கியதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தண்டனை இல்லை என்ற வாக்கு மெய்தானா என்று ஓட்டுநர்கள் நிர்வாகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்டதும், ஒன்பதாம் மாதத்துக்குள் ஏற்றம் 90 விழுக்காட்டைக் கடந்தது.

இந்த ஆய்வில் இலக்கு என்ற எண் மட்டும் தனியாக வேலை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த இலக்கை எட்டுவது முழுக்க ஓட்டுநர்களின் கையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் எடை போடப்பட்டதால், எவ்வளவு எட்டினோம் என்பது அன்றன்றே தெரிந்தது. இலக்கு கொடுத்தவர்மீது நம்பிக்கை பிறந்தது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் இலக்கு என்பது சுவரில் ஒட்டிய தாள்தான். என்னிடம் கணக்குக் கொண்டுவரும் தொழில்முனைவோர் பலர் நிதியாண்டின் தொடக்கத்தில் 'இந்த ஆண்டு விற்றுமுதலை இரட்டிப்பாக்குவேன்' என்கிறார்கள். எத்தனை வாடிக்கையாளர் வருவார் என்பது அவர்கள் கையில் இல்லை. எத்தனை பேரைச் சென்று பார்ப்பது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. முன்னதை எழுதி வைப்பவர்கள் அநேகர். பின்னதை எழுதி வைப்பவர்கள் அரிது.

கட்டுரை தொடாமல் விட்டது இந்த இரண்டாம் பாதியைத்தான். இலக்குக்கும் செயலுக்கும் இடையில் உள்ள தூரத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். 'இதை அடைய வேண்டும்' என்ற எண்ணத்துடன், 'இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நேர்ந்ததும் இதைச் செய்வேன்' என்ற வாக்கியத்தையும் சேர்த்து ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், அச்செயல் நடந்தேறும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்று அவர் 1990களில் நிறுவினார். 2006ஆம் ஆண்டில் அவரும் பாஸ்கல் ஷீரனும் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. இவற்றைவிடவும் என்னை வியக்க வைத்தது 2002ஆம் ஆண்டில் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் உடற்பயிற்சி ஆய்வு. மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் குழுவுக்கு எந்த ஊக்கமும் தரப்படவில்லை. அவர்களில் 38 விழுக்காட்டினர் அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்தனர். இரண்டாம் குழுவுக்கு, உடற்பயிற்சி இல்லாவிட்டால் இதய நோய் வரக்கூடும் என்று விளக்கி, மனத்தில் தைக்கும்படி ஊக்கவுரை அளிக்கப்பட்டது. அவர்களில் செய்தவர்கள் 35 விழுக்காடு. மூன்றாம் குழுவுக்கு அதே ஊக்கவுரையுடன், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வரி எழுதும் வேலையும் கொடுக்கப்பட்டது. அவர்களில் 91 விழுக்காட்டினர் செய்து முடித்தனர்.

இதைப் படிக்கும் எவரும் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊக்கவுரை மட்டும் கேட்டவர்களின் நடத்தையில் மாற்றமே இல்லை. அவர்களது விருப்பம் கூடியிருக்கலாம், செயல் கூடவில்லை. அந்த ஒற்றை வரிதான் வேறுபாட்டை உண்டாக்கியது. காரணமும் எளிது. நாள் முழுவதும் நூறு வேலைகள் நம்மை இழுக்கும்போது, 'இப்போது செய்வதா, பிறகு செய்வதா' என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தால் ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்பதே வெல்லும். நேரமும் இடமும் முன்பே குறிக்கப்பட்டுவிட்டால் அந்தக் கேள்வி எழ இடமில்லை. குறித்த வேளை வந்ததும் செயல் தானாக நினைவுக்கு வந்து கையைப் பிடித்து இழுக்கிறது.

தொழிலில் இதற்கு நான் அன்றாடம் காணும் எடுத்துக்காட்டு நிலுவை வசூல். ஏட்டில் லாபம் காட்டிக்கொண்டே, கையில் பணம் இல்லாமல் மூடப்படும் தொழில்கள் உண்டு. விற்ற சரக்குக்குப் பணம் வருவதற்குள், வாங்கிய சரக்குக்கும் ஆள்கூலிக்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் காரணம். 'பாக்கிகளைச் சீக்கிரம் வசூலிக்க வேண்டும்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். 'திங்கட்கிழமை காலை கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், முப்பது நாள் தாண்டிய பாக்கிதாரர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசுவேன்' என்று தீர்மானித்தவர்களுக்குத்தான் பணம் வந்து சேர்கிறது. இதில் அறிவுக்கூர்மையோ பேச்சுத்திறமையோ பெரிதாகத் தேவைப்படவில்லை. இலக்கு இருவருக்கும் ஒன்றே. ஒருவரிடம் கிழமையும் நேரமும் இருக்கின்றன.

வெற்றி பெற்றுவிட்டதாகவே தினமும் கற்பனை செய்து பாருங்கள் என்ற கட்டுரையின் அறிவுரையையும் நான் ஏற்க இயலவில்லை. காப்ரியேல் ஊட்டிங்கன் என்ற ஆய்வாளர், வேலை தேடும் பட்டதாரிகளை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. வேலை கிடைத்துவிட்டதாக இனிய கனவுகளில் அதிகம் மூழ்கியவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த வேலைவாய்ப்புகளும் குறைவு, ஊதியமும் குறைவு. கனவு காண்பது குற்றமன்று. ஆனால் கனவிலேயே பலனைச் சுவைத்துவிட்ட மனம், எழுந்து நடப்பதற்கான முனைப்பை இழந்துவிடுகிறது. அடைய விரும்புவதை எண்ணிப் பார்த்த உடனேயே, அதற்குக் குறுக்கே நிற்கும் தடை எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே ஊட்டிங்கன் பரிந்துரைக்கும் வழி. இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற வாக்கியமும் கட்டுரையில் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்ததில் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இருபத்திரண்டாம் நாளில் மனம் தளர்ந்து கைவிட்டவர்களிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

கால வரையறை பற்றி ஒரு சொல். இலக்குக்கு ஒரு தேதி குறியுங்கள் என்கிறது கட்டுரை. சரிதான், ஆனால் அந்தத் தேதியை எப்படிக் குறிப்பது? 1994ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மிக மோசமான நிலையை எண்ணிச் சொன்ன கணக்கையும் நடப்பு தாண்டிவிட்டது. மாணவர்கள் மட்டும் இப்படித் தவறுவதில்லை. 1963இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிந்துவிடும் என்று மதிப்பிடப்பட்ட சிட்னி ஓபரா மாளிகை, 1973இல் 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவில்தான் திறக்கப்பட்டது. ஆகவே, ஒரு வேலைக்குக் காலம் குறிக்கும்போது, இம்முறை எப்படி நடக்கும் என்று மனக்கணக்குப் போடுவதைவிட, இதைப் போன்ற வேலை சென்ற முறை எத்தனை நாள் பிடித்தது என்று பழைய ஏட்டைப் புரட்டுவதே நல்லது. நான் பார்த்தவரையில், பழைய ஏட்டைப் புரட்டுவதற்குத்தான் எவருக்கும் மனம் வருவதில்லை.

இதுவரை எழுதியவை, தானே தனக்கு இலக்கு வகுத்துக்கொள்பவரைப் பற்றியவை. பிறருக்கு இலக்கு விதிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குக் கட்டுரை ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. 'ஊழியர்களுக்கு உயர்ந்த இலக்குக் கொடுங்கள், உயர்வார்கள்' என்று முடித்துவிட்டது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று தன் கிளை ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் நெருக்கியது. எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் கணக்குகளைத் தொடங்கினார்கள். அவற்றின் எண்ணிக்கை 35 லட்சம் வரை இருக்கக்கூடும் என்று வங்கியே பின்னர் ஒப்புக்கொண்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2016ஆம் ஆண்டில் 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதமும், 2020ஆம் ஆண்டில் 300 கோடி டாலரும் வங்கி செலுத்த வேண்டிவந்தது. அந்த ஊழியர்கள் அனைவரும் பிறவியிலேயே மோசடிக்காரர்கள் என்று நம்புவதற்கில்லை. எண்ணைக் கொடுத்த நிர்வாகம், அதை அடைய நேர்மையான வழி இருக்கிறதா என்று கேட்கவில்லை, எட்டாதவரைத் தண்டித்தது. மரலாரி ஓட்டுநர்களுக்குத் தரப்பட்ட இலக்கும் கடினமானதுதான். ஆனால் அங்கே அந்த அச்சம் இல்லை, பொய்க் கணக்குக் காட்டத் தேவையும் இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தங்கள் இணைப்பில் வாரந்தோறும் வெளியாகும் வெற்றியாளர் நேர்காணல்களை நான் தவறாமல் படிக்கிறேன். அவர்கள் எல்லாரும் இலக்கு வைத்தவர்கள், துணிந்து இறங்கியவர்கள். அதே இலக்கை வைத்து, அதே துணிவோடு இறங்கி, தொழிலை மூடியவர்களை எவரும் நேர்காணல் செய்வதில்லை. ஆகவே எது வெற்றிக்குக் காரணம், எது தற்செயல் என்று பிரித்தறிய வாசகருக்கு வழியே இல்லை. வென்றவர்களை மூன்றாண்டு கழித்து மீண்டும் சந்தித்தும், மூடியவர்களையும் அழைத்தும், எந்த நாளில் எந்த முடிவை எடுத்தார்கள், வரவும் செலவும் அப்போது எப்படி இருந்தன என்று கேட்டு வெளியிட்டால் அது புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குப் பெரிதும் பயன்படும். பெயர் வெளியிடாமல் பேசச் சம்மதிக்கும் சிலர் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கக்கூடும். தாங்கள் விரும்பினால் அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணக்குத் தணிக்கையாளர்